முருங்கை அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி: கொளுத்துவதா, விடுவதா?

கிணற்றடி:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் ஒரு நாட்டு முருங்கை நிற்கிறது, வயது பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஐப்பசி மழை பிடித்து மூன்று வாரம் ஆகிறது. நேற்றுக் காலையில் போய்ப் பார்த்தால் அடிமரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஈரச்சாக்கைச் சுற்றிவிட்ட மாதிரி பழுப்பாக ஒரு திட்டு, கிட்டப் போனால் அத்தனையும் கம்பளிப்பூச்சி. இருநூறுக்குக் குறையாது. ராத்திரி டார்ச் அடித்தேன், அந்த இடத்தில் ஒன்றையும் காணோம், எல்லாம் மேலே இலைக்குப் போய்விட்டன. விடிந்ததும் திரும்ப அதே இடத்தில் அதே கூட்டம்.

இரண்டு சந்தேகம். பக்கத்தில் நின்று தும்மினேன், அவ்வளவு புழுவும் ஒரே நேரத்தில் தலையை வெடுக்கென்று தூக்கின. இதுகளுக்குக் காது இருக்கிறதா? அப்புறம் ரெண்டு மூன்று புழுவின் முதுகில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. முட்டை போட்டு இன்னும் பெருகப் போகிறதா? சின்னவனுக்குக் கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. அம்மா பந்தம் கொளுத்து என்கிறார், வீட்டுக்காரி மரத்தையே வெட்டு என்கிறாள்.

அரவக்குறிச்சிக்காரன்:
மரத்தை வெட்டாதீங்க சார், அம்மா சொல்வதுதான் சரி. மூன்று ஏக்கர் முருங்கை வைத்திருக்கிறேன், வருஷா வருஷம் மழை முடிந்து இதே கூத்துதான். பகலில் ஒரே இடத்தில் கூடி உட்காருவது நமக்கு வசதி, நீளக் கம்பில் துணி சுற்றிப் பந்தம் கொளுத்தி மேலாக ஒரு இழுப்பு இழுத்தால் கதை முடிந்தது. ஒரே இடத்தில் காட்டிக்கொண்டு நிற்காதீர்கள், முருங்கைப் பட்டை மெதுவானது, வெந்துவிடும். காற்றுக்கு எதிரில் நிற்காதீர்கள், முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். மயிர் கண்ணில் விழுந்தால் அன்றைக்குத் தெரியும். அவ்வளவுதான், இதில் ஆராய்ச்சி எதுக்கு.

தவிட்டுக்குருவி:
ஆராய்ச்சி எதுக்கு என்று கேட்ட அண்ணனுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அந்த வெள்ளைக் குருணையைப் பார்க்காமல் பந்தத்தை இழுத்தால் நம்ம ஆளையும் சேர்த்துக் கொளுத்திவிடுவோம்.

முதலில் அது முட்டை இல்லை. புழு முட்டை போடாது, அது வளர்ந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாக வெளியே வந்த பிறகுதான் முட்டை. நீங்கள் பார்த்தது ஒட்டுண்ணிக் குளவியின் கூடு. கொசு அளவுதான் இருக்கும் அந்தக் குளவி. புழு சின்னதாக இருக்கும்போதே உடம்புக்குள் ஊசி போட்ட மாதிரி முட்டையை இறக்கிவிட்டுப் போய்விடும். குஞ்சுகள் உள்ளேயே வளரும், புழுவோ ஒன்றும் தெரியாத மாதிரி முருங்கை இலையைத் தின்றுகொண்டிருக்கும். நாள் வந்ததும் தோலைத் துளைத்து வெளியே வந்து அதன் முதுகிலேயே பட்டு நூலில் கூடு கட்டிக்கொள்ளும். இந்தக் குளவிகளில் பல, முட்டையோடு ஒரு வைரஸையும் உள்ளே செலுத்துகின்றன, புழுவின் எதிர்ப்புச் சக்தியை அது அடக்கிவிடுகிறது. எனக்கு இதைப் படித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

காது விஷயம்: காது கிடையாது, மயிர்தான் காது. பலவகைப் புழுக்களின் உடம்பில் மெல்லிய சில மயிர்கள் காற்றின் அதிர்வை உணரும், பக்கத்தில் குளவியோ ஈயோ சிறகடித்தால் தெரிந்துவிடும். உடனே தலையை வெட்டி உதறும், முட்டையிட வந்தது உட்கார முடியாமல் போகட்டும் என்று. உங்கள் தும்மலைக் குளவி என்று நினைத்திருக்கும். கூட்டமாக உட்காருவதும் அந்தப் பாதுகாப்புக்குத்தான், ஒற்றைப் புழுவைக் கொத்துகிற குருவி இந்த மயிர்க்காட்டைப் பார்த்தால் யோசிக்கும். ஆனால் சுடலைக்குயில் யோசிக்காது. கருப்பு வெள்ளையில் கொண்டை வைத்திருக்குமே, அது. கம்பளிப்பூச்சிதான் அதற்கு விருப்பமான தீனி. அதன் முட்டையை அடைகாத்துக் குஞ்சை வளர்ப்பது யார் தெரியுமா, என் பெயர்க்காரரான தவிட்டுக்குருவி. வேலிப் புதரையெல்லாம் சுத்தம் என்று வெட்டிவிட்டால் தவிட்டுக்குருவியும் போகும், குயிலும் போகும்.

செய்ய வேண்டியது: கூடு ஒட்டிய புழுக்களைக் குச்சியால் எடுத்துத் தனியே வையுங்கள், அவை இனி இலை தின்னப் போவதில்லை. மற்றதைப் பழைய துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிடுங்கள், நெருப்பே வேண்டாம். எட்டாத உயரம் என்றால் மீன் எண்ணெய் சோப்பு லிட்டருக்கு 25 கிராம் கரைத்து அடிக்கலாம். பையனுக்குத் தேய்க்காமல் செலோ டேப்பை ஒட்டி உரித்தால் மயிர் வந்துவிடும், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தடிப்பு ஏறினால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

வடமராட்சி:
எங்கட பக்கம் இதை மயிர்க்கொட்டி என்றுதான் சொல்லுவம். முசுறு, அதுதான் மரத்தில இலையைச் சேர்த்துக் கூடு கட்டுற செவ்வெறும்பு, இருக்கிற மரத்தில இலைப்புழு குறைவு என்று அப்பு சொல்லுவார். அது சும்மா கதையில்லை, சீனாவில 1,700 வருசத்துக்கு முந்தியே தோடை (ஆரஞ்சு) மரங்களில புழு பூச்சிக்கு எண்டு முசுறுக் கூட்டை வாங்கிக் கட்டியிருக்கினம். ஆனா வளர்ந்த மயிர்க்கொட்டியிட்ட முசுறு பெரிசா வாய் வைக்கிறதை நான் காணேல்லை.

நிலம்பூர்ப்பாதை:
தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன், மன்னியுங்கள். நிலம்பூர் தேக்குத் தோட்டங்களில் கோடை மழைக்குப் பிறகு ஒரு புழு வந்து ரெண்டே வாரத்தில் காட்டையே மொட்டையாக்கிவிடும், இலை நரம்பு மட்டும் மிஞ்சும். அடியில் நின்றால் எச்சம் விழும் சத்தம் தூறல் மாதிரி கேட்கும். அதை அடக்குவது பெரும்பாலும் ஒரு வைரஸ். நோய் வந்த புழு மரத்தின் மேல்பக்கம் ஏறிப்போய்த் தலைகீழாகத் தொங்கிச் சாகும், உடம்பு கரைந்து வடிந்து கீழ் இலையில் படும், அதைத் தின்ற அடுத்த புழுவுக்கும் அதே கதி. பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் இந்த வைரஸைத் தயாரித்துத் தேக்கில் தெளித்தே பார்த்திருக்கிறது. முருங்கையிலும் தலைகீழாகத் தொங்கும் கருத்த புழு கண்ணில் பட்டால் எடுத்துப் போடாதீர்கள், அப்படியே விடுங்கள்.

அரவக்குறிச்சிக்காரன்:
எல்லாம் சரி. மூன்று ஏக்கருக்குத் துடைப்பமும் வாளியும் எடுத்துக்கொண்டு யார் வருவது, நீங்கள் வருகிறீர்களா? குருணை ஒட்டியதைப் பொறுக்கிவிட்டு வேண்டுமானால் பந்தம் பிடிக்கிறேன். மழை விட்டதும் விளக்குப் பொறி வைத்து அந்துப்பூச்சியையே பிடித்துவிட்டால் இவ்வளவு பேச்சும் தேவையில்லை, ஹெக்டேருக்கு ஒன்று போதும்.

கிணற்றடி:
நன்றி எல்லோருக்கும். இரண்டு வாளி நிறைய அள்ளினேன், டேப் வைத்தியமும் வேலை செய்தது. குருணை ஒட்டிய மூன்றை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வாயில் வேட்டித் துணி கட்டி வைத்தேன். ஆறாம் நாள் காலையில் உள்ளே பதினேழு குட்டிக் குளவி, பையன்தான் எண்ணினான். துணியை அவிழ்த்து முருங்கையடியில் வைத்துவிட்டு வந்தோம். மரம் நிற்கிறது, வீட்டுக்காரி தைக்குள் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாள்.