டாக்டர் ஹூ (பிரிட்டிஷ் அறிவியல் புனைவு டிவி தொடர்) 2025 கடைசி எபிசோட்: ராணி யாரு, ஒமேகா யாரு?

மன்னார்குடி:
ராணி, ஒமேகா ரெண்டுமே பிடிபடல. முன்னாடி எதைப் பார்க்கணும்? சீசன் நம்பர் ஏன் இப்படிக் குழப்புது?

கும்பகோணம்:
1963ல ஒரு எண்ணிக்கை, 2005ல மறுபடி 1, 2024ல திரும்பவும் 1. நம்பரை நம்பாதீங்க தம்பி, வருஷம் போட்டுத் தேடுங்க. ராணி, ஒமேகா ரெண்டு பேருமே வில்லன்கள், நம்ம ஹீரோ டாக்டரோட இனம்தான் (டைம் லார்ட்). ராணிக்கு 1985, ஒமேகாவுக்கு 1973, அவங்க முதல்ல வந்த கதை ரெண்டு போதும். 2024 சீசன் முடிவுல வந்த வில்லன் சுடெக்குக்கு 1975. நாலு பாகம், அருமையான கதை.

திருவையாறு:
பார்த்துட்டு வந்தாலும் ஏமாற்றம்தாண்ணே. எட்டே எபிசோட். ஒமேகா வந்தாரு, ராணியை விழுங்கினாரு, உடனே அவரும் காலி. கடைமடைக்குத் தண்ணி வர்றதுக்குள்ள முறை முடிஞ்ச மாதிரி.

மன்னார்குடி:
கடைசியில டாக்டர் உருமாறி நடிகை பில்லி பைப்பர் முகம் வருதே, அப்போ அவங்கதான் அடுத்த டாக்டரா?

கும்பகோணம்:
முடிவு டைட்டில்ல ‘அறிமுகம்’னு அவங்க பேர் மட்டும்தான். ‘டாக்டராக’ன்னு போடல, கவனிங்க.