முதல் பானை உடையும்போது மட்டும் விளையாட்டு நின்றுவிடுகிறது (கோடோ 4.3 கேம் எஞ்சின்)

இரண்டு வருடமாக நானும் தங்கையும் செய்துவரும் ஆண்ட்ராய்டு விளையாட்டு இது. வெளியீட்டுக்கு முந்தைய 14 நாள் மூடிய சோதனை போன வாரம் தொடங்கியது. விளையாட்டின் இரண்டாம் கட்டத்தில் முதல் பானை உடையும்போது திரை அரை நொடி உறைகிறது. ஓட்டுத் துண்டுகள் அந்தரத்தில் தொங்குகின்றன. அடுத்த பானையிலிருந்து சிக்கலே இல்லை. கணினியில் வருவதில்லை, 3 ஜிபி ரேம் போன்களில் மட்டும்தான்.

கோடோவில் நான் பயன்படுத்துவது கம்பாட்டிபிலிட்டி ரெண்டரர் (பழைய, எளிய கருவிகளிலும் படம் வரையும் முறை). துகள்களைப் பாதியாக்கினேன், ஒலியை முன்பே ஏற்றினேன், பலனில்லை. ஷேடர் (திரையில் படத்தை வரையச் சொல்லும் சிறு நிரல்) அந்த நொடியில்தான் கம்பைல் ஆகிறது, அதாவது போனுக்கேற்ற வடிவுக்கு மாறுகிறது என்று தோன்றியது. சரி என்று லோடிங் திரையிலேயே, கேமராவுக்குப் பின்னால் ஒரு பானையை உடைத்தும் பார்த்தேன். அப்போதும் அதேதான். சோதனை நடுவில் கோடோ 4.4-க்கு மாற மனமில்லை.

4.3-இலேயே இந்த ஷேடரை முன்கூட்டியே கம்பைல் செய்ய வைப்பது எப்படி?