சாயாக்கடையில் பார்சல் மட்டும்: இந்த விதியால் யாருக்குப் பாதுகாப்பு?

மார்த்தாண்டம்_சாயாக்கடை (ஜூன் 18, 2021)
கொரோனா ஊரடங்கில் நம்ம கன்னியாகுமரி உட்பட 27 மாவட்டத்தில் 14-ஆம் தேதி முதல் சாயாக்கடை திறக்கலாம் என்று உத்தரவு. காலை 6 முதல் மாலை 5 வரை, பார்சல் மட்டும், கடையில் நின்றோ உட்கார்ந்தோ குடிக்கக் கூடாது, பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பாத்திரத்தில்தான் கொடுக்க வேண்டும். சரி, என் கடைக்கு வருகிறவன் யார்? கொத்தனார், ஆட்டோக்காரர், ரப்பர் பால்வெட்டு முடித்து வருகிற ஆள். இவர்களில் யார் வீட்டிலிருந்து பாத்திரம் எடுத்து வருவார்? நாலு பேருக்கு ஒரு தூக்குவாளி கொண்டுவந்து வாங்கிக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் மதில் ஓரமாக நின்று, அந்த வாளி மூடியிலேயே ஊற்றி மாறி மாறிக் குடிக்கிறார்கள். என் பெஞ்சில் ஆளுக்கொரு மூலையில் தனித்தனி கிளாஸில் குடித்தால் அதைவிட மேல் இல்லையா? அதே 14-ஆம் தேதிதான் டாஸ்மாக்கும் திறந்தது, அங்கே வரிசையைப் போய்ப் பாருங்கள்.

வார்டு_நர்ஸ்
அண்ணே, டாஸ்மாக்கைத் திறந்தது தப்பு என்பதில் எனக்கும் சண்டையில்லை. ஆனால் அதைக் காட்டி சாயாக்கடை பெஞ்சைக் கேட்காதீர்கள். மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அந்தச் சமயம் எங்கள் வார்டில் சிலிண்டர் எப்போது தீரும் என்று மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஷிப்ட் ஓடியது. ராக்கெட்டுக்காக மகேந்திரகிரியில் வைத்திருந்த திரவ ஆக்சிஜனை இஸ்ரோ ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிய காலம் அது, அதற்குள் மறந்துவிட்டதா? மளிகைக் கடையில் மாஸ்க்கோடு சாமான் வாங்கலாம், சாயாவை மாஸ்க்கோடு குடிக்க முடியாது. ஆள் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஊர்க்கதை பேசுகிற இடம் உங்கள் பெஞ்சுதான். வாளி மூடியில் மாறி மாறிக் குடிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஒரு சத்தம் போடக் கூடாதா?

வடசேரி_ஜவுளி
சாயாக்கடையாவது பாதி திறந்திருக்கிறது, எங்கள் கடை இன்னும் பூட்டுதான். போன வருடம் ஜூனில் ஏசி போடாதே, ஒரே நேரத்தில் 5 வாடிக்கையாளருக்கு மேல் விடாதே, பாதி ஊழியர் போதும் என்று விதி வைத்துத் திறக்க விட்டார்கள். எல்லாம் செய்தோம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஒரே கதவு, ஏசியும் இல்லையென்றால் உள்ளே காற்று எங்கிருந்து வரும் என்று பார்க்க வந்த அதிகாரி ஒருவரும் கேட்கவில்லை. சானிடைசர் பாட்டில் இருக்கிறதா, நெற்றியில் காட்டுகிற மெஷின் இருக்கிறதா, நோட்டில் பேர் எழுதியிருக்கிறதா, அவ்வளவுதான் சோதனை. அறிகுறியே இல்லாத ஆளுக்கு அந்த மெஷின் என்ன காட்டும்? காற்றோட்டம் இல்லாத அறையில் காற்று வழியாகவே பரவும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியாகிவிட்டது, நாம் இன்னும் கதவுக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம். என்ன கடை, எத்தனை மணி என்று பார்க்காமல் எத்தனை ஜன்னல் என்று பார்த்து அனுமதி கொடுங்கள்.

வார்டு_நர்ஸ்
ஜன்னல் எண்ண ஆள் எங்கே அண்ணாச்சி? சுகாதார ஆய்வாளர்கள் தொற்று வந்த வீடுகளுக்கு அலைகிறார்கள். 5 மணிக்கு ஷட்டரைச் சாத்து என்றால் போலீஸ்காரருக்கும் புரியும், கடைக்காரருக்கும் புரியும்.

முந்திரி_அக்கா
நான் முந்திரி ஆலைக்குப் போகிறவள். போன வருடம் ஆலை திறந்தபோது தொலி உரிக்கிற ஹாலில் தள்ளித்தள்ளி உட்கார வைத்தார்கள், எல்லாரும் மாஸ்க். மதியம் மணி அடித்ததும் அத்தனை பேரும் ஒரே ஷெட்டுக்குள் ஒரே நேரத்தில் சோற்றுப்பாத்திரத்தைத் திறப்போம், மீன்குழம்பு மாற்றிக்கொள்வோம். சாப்பாட்டு நேரத்தைப் பிரித்து விடுங்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டதற்கு அப்படி உத்தரவு எதுவும் வரவில்லை என்றார். நர்ஸம்மா சொல்கிற மாஸ்க் கழற்றுகிற இடம் எங்களுக்கு அதுதான்.

களியக்காவிளை_பையன்
எல்லை தாண்டினால் கேரளாவில் நேற்று முதல் வேறு முறை. பஞ்சாயத்து பஞ்சாயத்தாகப் பிரித்து, டெஸ்ட் எடுத்ததில் 8 சதவீதத்துக்குக் கீழே பாசிட்டிவ் என்றால் நிறையத் தளர்வு, 30-க்கு மேல் போனால் மும்மடங்கு ஊரடங்கு என்கிற கடும் கட்டுப்பாடு. நமக்கு மாவட்டம் முழுக்க ஒரே விதி. கோதையாறு மலையும் கோட்டாறு கடைத்தெருவும் ஒன்றா மக்கா?

வார்டு_நர்ஸ்
அங்கேயும் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட விடவில்லை தம்பி, அதையும் சேர்த்துச் சொல். தவிர, சதவீதத்தைக் குறைக்க நல்லா இருக்கிற ஆட்களாகப் பிடித்து டெஸ்ட் எடுத்தால் தீர்ந்தது, பச்சைக்கொடி.

வடசேரி_ஜவுளி (ஜூன் 19)
ஷட்டர் விதி போலீஸுக்குப் புரியும் என்றீர்களே, போன வருடம் இதே தேதியில்தான் சாத்தான்குளத்தில் நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அப்பாவை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள், பின்னாலேயே போன மகனையும் பிடித்து வைத்தார்கள். இரண்டு பேரும் உயிரோடு திரும்பவில்லை. வழிகாட்டு நெறிமுறையை மீறினால் கடைக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று போன செப்டம்பரில் சட்டம் வந்தாகிவிட்டது, ரசீது போட்டுக் கொடுங்கள், கட்டுகிறோம். லத்தி எதற்கு?

வார்டு_நர்ஸ்
அதில் உங்கள் பக்கம்தான் நான். ரசீது போதும். ஆனால் மாஸ்க்குக்கு 200 ரூபாய் போட்டாலே கவுன்சிலருக்குப் போன் அடிக்கிறவர்கள் நம்ம ஊர்க்காரர்கள். சாயாக்கடை அண்ணன் ஊசி போட்டாச்சா?

மார்த்தாண்டம்_சாயாக்கடை
விடிய வரிசையில் நின்றேன், டோக்கன் தீர்ந்துவிட்டது என்றார்கள். 21-ஆம் தேதியிலிருந்து 18 வயதுக்கு மேல் எல்லாருக்கும் மத்திய அரசு மருந்து இலவசம் என்கிறார்களே, முதலில் அது வரட்டும். தெருவில் கை நீட்டி சாயா கொடுக்கிற ஆளுக்கு முதலில் ஊசி போட்டுவிட்டு அப்புறம் என் பெஞ்சை எடுக்கச் சொல்லுங்கள்.