புதுப்பிப்பு: ஸ்டாட்டின் மாத்திரையும் அம்மாவின் தொடை வலியும், காரணம் தெரிந்துவிட்டது

கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. தொடங்கிய பிறகு அம்மாவுக்குத் தொடையிலும் தோளிலும் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை, நிறுத்திவிடலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லி சி.கே.யும் டி.எஸ்.எச்.சும் பாருங்கள்" என்ற யோசனைதான். தசைச் சேதத்தைக் காட்டும் சி.கே. கொஞ்சம்தான் கூடியிருந்தது. ஆனால் தைராய்டு குறைவாகச் சுரந்தால் ஏறும் டி.எஸ்.எச். 18! தைராய்டு குறைவாகச் சுரந்தால் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை (கெட்ட கொலஸ்ட்ராலை) எடுப்பது குறையும். ஸ்டாட்டினால் தசை வலி வரும் வாய்ப்பும் கூடும். இரண்டுக்கும் வேர் ஒன்றே.

டாக்டர் ஸ்டாட்டினைத் தற்காலிகமாக நிறுத்தி, தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்ஸின் கொடுத்தார். நாங்கள் எதிர்பார்க்காதது இதுதான்: முதலில் 190 இருந்த எல்.டி.எல்., ஸ்டாட்டின் இல்லாமலே 138-க்கு இறங்கியது. அம்மாவுக்குச் சர்க்கரையும் இருப்பதால் அது போதாது. டி.எஸ்.எச். சீரான பிறகு வேறொரு ஸ்டாட்டினான ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி. ஆரம்பித்தோம். இப்போது எல்.டி.எல். 76, வலி இல்லை. ஸ்டாட்டின் வலிக்கென்று சிலர் எடுக்கும் கோ-என்சைம் க்யூ10 சத்து மாத்திரை வாங்கவே இல்லை.

அப்புறம், தைராக்ஸினை வெறும் வயிற்றில் போட வேண்டும். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அட்டோர்வாஸ்டாட்டின் எடுப்பவர்கள், வேறு டாக்டர் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் உடனே சொல்லிவிடுங்கள். அது ஸ்டாட்டின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். வலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.