வைட்டமின் டி-யை ஏற்றினால் உடலின் அழற்சி தணியுமா?

கேள்வி (திருப்பூர்):
பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்யும் என் அண்ணனுக்கு வயது 46. விடிந்ததும் உள்ளே போனால் இருட்டிய பிறகே வெளியே வருவார். இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ., டிரைகிளிசரைடு 210, வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்று வந்ததால் மெட்டபாலிக் சிண்ட்ரோம் (வயிற்றுப் பருமன், ரத்தக் கொழுப்பு, சர்க்கரை போன்றவை ஒன்றாகக் கூடியிருக்கும் நிலை) என்றார்கள். வைட்டமின் டி 13. அழற்சியைக் காட்டும் சிஆர்பி 4.8. டி அளவை உயர்த்தினால் மற்றவையும் சீராகுமா, ஐயா?

பதில் (கோவை, மருத்துவர்):
டி 20-க்குக் கீழே இருப்பது பற்றாக்குறைதான்; எலும்புக்காகவே அதை நிரப்ப வேண்டும். ஆனால் அழற்சிக்கு அதையே மருந்தாக நம்பியிருக்க வேண்டாம். ஆய்வகத்தில் வைட்டமின் டி, ஐஎல்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் சுரப்பதைக் குறைப்பது உண்மை; மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. கொழுப்பில் கரையும் இச்சத்து உடற்கொழுப்பில் போய்த் தங்கிவிடுகிறது. வயிற்றுக்குள் சேரும் அதே கொழுப்புதான் அழற்சிப் பொருள்களையும் சுரக்கிறது. அழற்சியே ரத்தத்தில் டி அளவை இறக்கவும் கூடும். எனவே எது காரணம், எது விளைவு என்று இரண்டு எண்களை வைத்து முடிவு கட்ட இயலாது.

அமெரிக்காவில் 2019இல் வெளியான டி2டி ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 2,423 பேரில் ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 4,000 யூனிட் கொடுத்தும், நோய் வருவது உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்குத் தொடக்கத்திலேயே டி போதிய அளவு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் அண்ணன் நிலை வேறு. சளி, பல் சீழ் இருந்தாலும் சிஆர்பி ஏறும் என்பதால், இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

பதில் (ஈரோடு, மருந்தாளுநர்):
வாரம் ஒன்று என எழுதித்தரும் 60,000 யூனிட் மருந்தை நாள்தோறும் சாப்பிட்டுவிட்டு வருவோரைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படும். மருத்துவர் குறித்த வாரங்களோடு நிறுத்தி, பிறகு மறுபரிசோதனை செய்யுங்கள். சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாக உட்கிரகிக்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. கம்பெனி ஜன்னலோரம் வெயிலில் உட்கார்ந்தால் பயன் உண்டா?

பதில் (கோவை, மருத்துவர்):
கண்ணாடி வழியே வரும் வெயிலில் டி உருவாகாது. அதற்குத் தேவையான புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். மதிய உணவு இடைவேளையில் வெளியே சற்று நடக்கச் சொல்லுங்கள். இடுப்புச் சுற்றளவு குறைவதற்கும் அந்த நடை உதவும். சிஆர்பி இறங்க அதைத்தான் நான் முதலில் நம்புவேன்.