தலவாக்கலைக்கு வந்ததும் பேஸ் கிட்டார் கரகரக்கிறது, ஆம்ப் இரைகிறது: உதவி வேண்டும்

தலவாக்கலை நாலுகம்பி

எல்லோருக்கும் வணக்கம். ஆறு கம்பி கிட்டார் பத்து வருசமாக வாசிக்கிறேன், பேஸுக்குப் புதிது. எங்கள் இசைக்குழுவில் பேஸ் வாசித்தவர் கட்டாருக்குப் போய்விட்டதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. போன ஞாயிறு வெள்ளவத்தையில் ஒருவரிடம் ஃபெண்டர் கம்பனியின் ஜாஸ் பேஸ் வடிவத்தில் ஒரு பழைய நாலு கம்பி பேஸ் கிட்டாரை 58,000 ரூபாவுக்கு வாங்கினேன். இந்தோனேசியத் தயாரிப்பு. கம்பனிப் பெயரைப் போடவில்லை, விற்றவரும் இந்தப் பக்கம் வருகிறவர், சங்கடமாகிவிடும். நல்ல மனுசன், "புதுக் கம்பி மாட்டித்தான் தருகிறேன்" என்று மாட்டியே கொடுத்தார்.

அங்கே வாசித்துப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. அவர் வீட்டில் ஆம்ப் இல்லை, ஜன்னலுக்குக் கீழே காலிக்குப் போகிற பெரிய வீதி, ஒரே பஸ் சத்தம். ரயிலில் கொண்டுவந்து மூன்று நாள் ஆகிறது. இப்போது தடித்த ஈ கம்பியில் முதல் நாலு ஃப்ரெட்டும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) கரகரக்கிறது, ஏழுக்கு மேலே சுத்தமாக இருக்கிறது. ஆம்பில் போட்டால் ம்ம்ம் என்று ஒரே இரைச்சல். ஜி கம்பியில் ஆறாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் சத்தம் இரண்டு விநாடிகூட நிற்காமல் செத்துப்போகிறது.

ட்ரஸ் ராடை (கிட்டாரின் கழுத்தான நெக்குக்குள் ஓடுகிற இரும்புத் தண்டு) இறுக்கினால் சரியாகும் என்று நண்பன் சொல்கிறான். எலன் கீ கையில் இருக்கிறது. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்? அடுத்த சனிக்கிழமை நுவரெலியாவில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்க வேண்டும்.

ஹட்டன் பழைய கை

முதலில் அந்தக் கீயைக் கீழே வையுங்க தம்பி. உங்கள் நண்பன் சொன்னதைச் செய்தால் கரகரப்பு கூடும்.

ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலால் அழுத்துங்க (கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கிளிப், அதாவது கேப்போ, இருந்தால் இன்னும் வசதி). நெக் உடம்போடு சேருகிற இடத்தில், பதினேழாவது ஃப்ரெட் பக்கம், மற்றக் கையால் அழுத்துங்க. இப்போது அந்தக் கம்பிதான் உங்கள் அடிமட்டம். ஏழு எட்டு ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்க. ஒரு விசிட்டிங் கார்டு லேசாக நுழைகிற அளவு, அதாவது 0.3 மில்லிமீட்டர் போல இருந்தால் நல்லது. வங்கி அட்டை வேண்டாம், அது 0.76 மில்லிமீட்டர் தடிப்பு. இடைவெளியே இல்லாவிட்டால் நெக் நேராகவோ பின்பக்கம் வளைந்தோ இருக்கிறது. அப்போது முதல் சில ஃப்ரெட்டுகள்தான் அடிக்கும். உங்களுக்கு அடிப்பதும் அங்கேதான்.

பார்த்துவிட்டுச் சொல்லுங்க. இன்னொன்று, பையின் பொக்கெட்டில் கம்பி வந்த பக்கெட் கிடக்கிறதா?

பண்டாரவளை டிரம்ஸ்

நான் டிரம்ஸ்காரன், ஆனாலும் சொல்கிறேன்: பணத்தைத் திருப்பிக் கேளுங்க. ஆம்ப் இல்லாத வீட்டில் கிட்டார் வாங்குவது எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் த்ரீவீல் வாங்குகிற மாதிரி.

தலவாக்கலை நாலுகம்பி

அண்ணே, பார்த்தேன். இடைவெளி சுத்தமாக இல்லை. எட்டாவது ஃப்ரெட்டில் கம்பியைத் தட்டினால் டிக் என்ற சத்தமே வரவில்லை, ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கெட்டும் கிடைத்தது. 40–95 என்று (மெல்லிய கம்பி முதல் தடித்த கம்பி வரை தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்டிருக்கிறது. எப்படிக் கேட்டீர்கள் அதை?

விற்றவரிடம் வட்ஸ்அப்பில் கேட்டேன். முன்பு இருந்தது 45–105, கடையில் அது இல்லை என்று இதை வாங்கினாராம்.

ஹட்டன் பழைய கை

அதுதான் விசயம். கம்பிகள் நெக்கை முன்பக்கம் இழுக்கும். அதற்கு எதிராக உள்ளே ட்ரஸ் ராட் பின்பக்கம் இழுக்கும். இந்த இரண்டு பேருடைய இழுபறியில்தான் நெக் நிற்கிறது. 45–105 கம்பிக்காக இறுக்கி வைத்த ராட் அப்படியே இருக்க, 40–95 வந்து குந்திக்கொண்டது. மெல்லிய கம்பி அதே சுருதியில் இழுக்கிற இழுவை குறைவு. ராட் ஜெயித்துவிட்டது, நெக் பின்னால் சாய்ந்துவிட்டது. மனுசன் நல்லது செய்யப்போய் வந்த வினை.

ஆகவே தளர்த்த வேண்டும். ராடின் முனையில் இருக்கிற நட்டை நேருக்கு நேர் பார்த்தபடி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், கால் சுற்று. அவ்வளவுதான். திரும்பவும் சுருதி சேர்த்து இரவு முழுக்க விட்டுவிடுங்க, காலையில் அளந்து பாருங்க. மரம் பாருங்க, அது தன் நேரத்துக்குத்தான் அசையும். கீ சரியாகப் பொருந்துகிறதா என்று முதலில் ஆட்டிப் பாருங்க. அமெரிக்க ஃபெண்டர்களில் அங்குல அளவு வரும், இந்தோனேசியா, சீனாவிலிருந்து வருகிறவற்றில் பெரும்பாலும் மில்லிமீட்டர். தொளதொளவென்று இருக்கிற கீயைப் போட்டு நட்டின் உள்முனையை உருட்டிவிட்டால் அந்த 58,000 போச்சு.

நாங்கள் இருக்கிற இடமும் ஒரு காரணம். இப்போது தென்மேல் பருவ மழை, ஹட்டன், வட்டவளைப் பக்கம் கொடியில் போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை. வெள்ளவத்தையிலிருந்து வந்த மரம் இங்கே வந்து அடங்க ஒரு வாரமாவது வேண்டும். முதல் நாளே கீ எடுக்காதீங்க என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான்.

பண்டாரவளை டிரம்ஸ்

உங்களுக்கு மழை, எங்களுக்கு இங்கே கச்சான் காற்றில் உதடு வெடிக்கிறது. எங்கள் பேஸ்காரர் வருசத்துக்கு இரண்டு தரம் அந்தக் கீயோடு உட்காருவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இப்போதுதான் காரணம் புரிகிறது.

கண்டி ஈயப்பற்று

ஜி கம்பிக்கு ஒரு வார்த்தை. ஐந்து முதல் ஏழாவது ஃப்ரெட்டுக்குள் சத்தம் சீக்கிரம் சாவது ஃபெண்டர் வகை பேஸ்களின் பிறவிக் குணம். டெட் ஸ்பொட் என்பார்கள். அந்தச் சுருதியில் நெக்கே சேர்ந்து அதிர்ந்து சத்தத்தைக் குடித்துவிடும். தலைப்பகுதியில் ஒரு சின்ன கிளாம்ப் மாட்டிப் பாருங்கள், அந்த இடம் நகரும், சில நேரம் குறையும். ஆனால் இதற்காக விற்றவரிடம் சண்டை பிடிக்காதீர்கள். 1960இல் ஜாஸ் பேஸ் வந்ததிலிருந்து இருக்கிற பிரச்சினை. அதே சுருதி டி கம்பியில் பதினோராவது ஃப்ரெட்டில் இருக்கிறது, நீட்டிப் பிடிக்க வேண்டிய இடத்தில் அங்கே போய்விடுங்கள்.

இரைச்சலுக்கு வருவோம். இரண்டு வொல்யூம் குமிழையும் முழுதாகத் திறந்தால் குறைகிறதா? ஜாஸ் பேஸில் இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்கள் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றுகிற காந்தச் சுருள்கள்), இப்போது வருகிறவற்றில் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றியிருப்பார்கள். இரண்டும் முழுதாக இருந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது வெட்டும். அப்படியும் குறையாவிட்டால் கம்பியைத் தொடுங்கள். பிறகு கேபிள் முனையின் உலோகத்தைத் தொடுங்கள். எது எது என்ன செய்கிறது என்று எழுதுங்கள்.

தலவாக்கலை நாலுகம்பி

இரண்டையும் முழுதாகத் திறந்தாலும் அப்படியேதான். கம்பியைத் தொட்டால் ஒரு வித்தியாசமும் இல்லை. கேபிள் முனையைத் தொட்டால் பாதியாகக் குறைகிறது.

கண்டி ஈயப்பற்று

அப்படியென்றால் பிரிட்ஜுக்கு, அதாவது உடம்பில் கம்பிகளின் அடிமுனை பூட்டிய தகட்டுக்கு, போகிற எர்த் வயர் விட்டுப்போயிருக்கிறது. குமிழ்கள் இருக்கிற உலோகத் தகட்டின் ஆணிகளைக் கழற்றித் தூக்கினால், ஒரு குமிழின் முதுகிலிருந்து தனியாக ஒரு வயர் மரத்தில் துளைத்த ஓட்டைக்குள் போவது தெரியும். அதன் மறுமுனை பிரிட்ஜ் தகட்டுக்கு அடியில் வெறும் செம்பாக மடிந்து அழுந்தியிருக்க வேண்டும். யாராவது பிரிட்ஜைக் கழற்றிப் பூட்டியபோது முனை உள்ளே வழுக்கியிருக்கும். பிரிட்ஜைக் கழற்றி, வயரை இழுத்து, ஒரு சென்ரிமீட்டர் உரித்து, விரித்துத் தகட்டுக்குக் கீழே வைத்துப் பூட்டுங்கள். அந்த முனைக்கு ஈயம்கூட வேண்டாம்.

நுவரெலியா வயரிங் பாஸ்

கொஞ்சம் பொறுங்க. (பேஸ் அல்ல, நான் பாஸ். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன்.)

அந்த வயரைப் பூட்டினால் கம்பி, பிரிட்ஜ் எல்லாம் கேபிள் வழியாக ஆம்பின் உடம்போடு சேர்ந்துவிடும். ஆம்பின் உடம்புக்கு நல்ல எர்த் இருந்தால் சரி. இல்லாத இடத்தில் ஆம்ப் பழுதானால் கரண்ட் வந்து நிற்கிற இடம் உங்கள் விரல். தம்பி எங்கே வாசித்துப் பார்க்கிறீர்கள்? பழைய லயத்து வீடா? அங்கே பல இடங்களில் எர்த் வயரே கிடையாது, பிளக் பொயிண்டில் மூன்று ஓட்டை இருக்கும், மேல் ஓட்டை சும்மா அழகுக்கு. அதற்குள் பேனாவைச் செருகித் திறந்து ரெண்டு பின் பிளக்கைச் சொருகுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆம்புக்கு மட்டும் அதைச் செய்யாதீங்க. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டுகிற மகான்களையும் பார்த்திருக்கிறேன்.

மல்ரிமீட்டர் தெரிந்த ஒருவரைக் கொண்டு லைவுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்க, 230 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். ட்ரிப் சுவிட்சில் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழ வேண்டும். கல்யாண மண்டபத்திலும் அப்படியே. கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டு சுள்ளென்றால் உடனே நிறுத்துங்க, பாட்டு முடியட்டும் என்று நிற்காதீங்க.

கண்டி ஈயப்பற்று

பாஸ் சொல்வது சரி, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எர்த்தைப் பார்த்த பிறகே பிரிட்ஜைத் தொடுங்கள்.

தலவாக்கலை நாலுகம்பி

நல்ல காலம் கேட்டேன். எங்கள் வீட்டில் அளந்ததில் எர்த் பக்கம் ஒன்றும் காட்டவில்லை. லயத்து வீடுதான், அப்பா காலத்து வயரிங். வீட்டு வேலையைத் தனியாகப் பார்க்கச் சொல்லியாயிற்று. இப்போதைக்கு டவுனில் டிவி திருத்துகிற கடைக்கு எடுத்துப் போனேன், அங்கே 232 காட்டியது. அங்கேயே வைத்துப் பிரிட்ஜைக் கழற்றினோம்.

வயர் ஓட்டைக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. பிரிட்ஜ் இருந்த இடத்தில் பழைய தகட்டின் தடம் வேறு அளவில் தெரிகிறது, யாரோ மாற்றியிருக்கிறார்கள். வயரை விரித்து வைத்துப் பூட்டினோம். கம்பியில் கை வைத்ததும் இரைச்சல் அப்படியே அடங்கியது. கடைக்காரர் நாலு தரம் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

நெக்கும் சரி. கால் சுற்று தளர்த்தி ஒரு இரவு, இன்னும் அரைக்கால் சுற்று தளர்த்தி ஒரு இரவு. இப்போது விசிட்டிங் கார்டு நுழைகிறது. ஈ கம்பியில் ஓங்கி அடித்தால் மட்டும் மூன்றாவது ஃப்ரெட்டில் கொஞ்சம் கரகரப்பு.

ஹட்டன் பழைய கை

பதினேழாவது ஃப்ரெட்டில் கம்பியின் அடிவரை உயரம் அளந்து பாருங்க. ஈ பக்கம் 2.4, ஜி பக்கம் 2 மில்லிமீட்டர் போல இருந்தால் சாதாரணமாக வாசிக்கலாம். குறைவாக இருந்தால் பிரிட்ஜில் அந்தக் கம்பியின் சேடில் (கம்பி உட்காருகிற சின்ன உலோகத் துண்டு) ஆணிகள் இரண்டையும் சமமாக ஏற்றுங்க. ஆணி துருப்பிடித்திருந்தால் பலவந்தம் வேண்டாம், ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் காலைவரை விடுங்க. அப்புறம் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மொனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் வருகிற சத்தம்) அழுத்திய சுருதியையும் டியூனரில் ஒப்பிடுங்க. அழுத்தியது கூடுதலாகக் காட்டினால் சேடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும்.

ஆறு கம்பி வாசித்த கை ஓங்கித்தான் அடிக்கும். அதையும் கொஞ்சம் குறையுங்க.

பையோடு அடுப்படிச் சுவரில் சாய்த்து வைக்காதீங்க. சூடு ஒரு பக்கம், மூடுபனி ஒரு பக்கம், நெக் பைத்தியமாகிவிடும். பைக்குள் சிலிக்கா ஜெல் பக்கெட் நாலைந்து போடுங்க, பூஞ்சணம் பிடிக்காது.

பண்டாரவளை டிரம்ஸ்

பணத்தைத் திருப்பிக் கேட்கச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

தலவாக்கலை நாலுகம்பி

விற்றவருக்கும் விபரம் சொன்னேன். பிரிட்ஜ் மாற்றியது அவருக்கு முன்னால் வைத்திருந்தவராம், இரைச்சலைப் பிறவிக் குணம் என்றே நினைத்திருந்தாராம். 3,000 ரூபா திருப்பித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். அதற்குப் பதிலாக அந்தப் பழைய 45–105 கம்பிகளை வெந்நீரில் கொதிக்கவைத்துக் காயவைத்து பஸ்ஸில் அனுப்பிவிடுகிறாராம், சத்தம் புதுசு மாதிரி வரும் என்கிறார். உண்மையா? சனிக்கிழமைக்கு அதை மாட்டலாமா?

ஹட்டன் பழைய கை

கொதிக்கவைத்தால் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போய் சில நாள் பளிச்சென்று இருக்கும், பொய்யில்லை. ஆனால் அதை மாட்டினால் இப்போது தளர்த்திய ராடை மறுபடி இறுக்க வேண்டும், மறுபடி இரண்டு இரவு போகும். கல்யாணம் முடியட்டும் தம்பி.