வேனுக்குள் அப்பாவின் மூச்சுக் கருவிக்கு நான்கு இரவு மின்சாரம்: என்ன பேட்டரி வாங்கலாம்?

தேன்மொழி, வில்லிவாக்கம்:
வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால் இரவு முழுவதும் சிபாப் கருவியைப் போட்டுக்கொண்டுதான் படுப்பார். மலைகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பழைய வேனில் படுக்கை போட்டு, வீட்டு இன்வெர்ட்டரையும் அதன் 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரியையும் ஏற்றிக்கொண்டு ஏப்ரலில் ஜவ்வாது மலைக்குப் போனோம். இரண்டாம் இரவு மூன்று மணிக்கு இன்வெர்ட்டர் கத்தியது, கருவி நின்றது. விடியும்வரை அப்பாவைச் சாய்த்து உட்காரவைத்து, அவர் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்து ஏலகிரியில் நான்கு இரவு. இன்னும் பெரிய பேட்டரி வாங்கச் சொல்கிறார்கள். கருவி, ஒரு மேசை விசிறி, இரண்டு கைபேசி, இவ்வளவுதான் எங்கள் தேவை. வாங்கலாமா?

போரூர் வேன்காரர்:
வேண்டாம் சகோதரி. முதலில் கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட்டில் 150 ஆம்பியர் மணி என்றால் 1,800 வாட் மணி. டியூபுலர் என்பது ஈய அமில பேட்டரி; பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். அப்படியானால் கணக்கில் வைக்கக்கூடியது 900தான். விசிறி 50 வாட், நீரைச் சூடாக்கி ஓடும் சிபாப் கருவி 50 வாட் என்றால் எட்டு மணி நேரத்துக்கே 800. நீங்கள் இன்வெர்ட்டரைப் பகலிலும் அணைக்கவில்லை என்று நினைக்கிறேன். எதையும் செருகாவிட்டாலும் அது 15 வாட் அளவுக்குத் தின்னும்; ஒரு நாளைக்கு 360. இரண்டாம் இரவு மூன்று மணி வரை தாங்கியதே பெரிது.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும். மூடிய வேனில் அதன் பக்கத்தில் அப்பாவைப் படுக்கவைக்கக் கூடாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அமிலமும் சிந்தும். இரவுச் செலவைக் குறைத்துக்கொண்டால் 100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி போதும்: 12.8 வோல்ட்டில் 1,280 வாட் மணி, அதில் 1,000 வரை கவலையின்றி எடுக்கலாம். அதற்கான சார்ஜர் தனி, வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டிவிடாதீர்கள். பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் கட்டாயம்.

கருவி பழுதுபார்ப்பவன், அம்பத்தூர்:
அக்கா, சிபாப் கருவியில் அதிகம் இழுப்பது காற்றை ஈரமாக்கும் சூடேற்றிதான். அதையும் சூடேறும் குழாயையும் அணைத்தால் பல கருவிகள் 15 வாட்டை ஒட்டியே ஓடும். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அணையுங்கள். சிலருக்குத் தொண்டை வறளும். அடாப்டரின் மேல் 24 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால், அந்தக் கருவிக்கென்றே 12 வோல்ட்டிலிருந்து ஓட்டும் மாற்றி கிடைக்கும். இன்வெர்ட்டரே வேண்டாம். பேட்டரியின் நேர்மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக்கி, அடாப்டர் அதைத் திரும்பவும் நேர்மின்சாரமாக்குவது இரட்டை நட்டம்.

தேன்மொழி, வில்லிவாக்கம்:
இருவருக்கும் நன்றி. ஆம், இன்வெர்ட்டரை நாங்கள் அணைக்கவே இல்லை. அது தானாக மின்சாரம் குடிக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

மருத்துவர் சம்மதித்தார். ரிச்சி தெருவில் வாட் மீட்டர் ஒன்றும் 12 வோல்ட் விசிறி ஒன்றும் வாங்கினேன். லித்தியம் பேட்டரியும் மாற்றியும் போன வாரம் வந்தன. மலையில் சோதித்துப் பார்க்க மனமில்லை. அதனால் வீட்டு வாசலிலேயே வேனை நிறுத்தி, அப்பாவை நான்கு இரவும் அதிலேயே படுக்கவைத்தேன். பகலில் சார்ஜ் ஏற்றவில்லை. இரவுக்குச் சராசரியாக 235 வாட் மணி, கைபேசிகளையும் சேர்த்து. ஐந்தாம் நாள் காலையிலும் பேட்டரியில் கால் பங்கு மீதி இருந்தது.

ஒரே ஒரு கேள்வி: மழை நாளுக்காக 100 வாட் சூரியத் தகடு வாங்க நினைக்கிறேன். வேன் கூரையிலேயே பதிக்கலாமா?

போரூர் வேன்காரர்:
பதிக்காதீர்கள். அப்பாவுக்காக வேனை மரநிழலில்தான் நிறுத்துவீர்கள். ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே தகட்டின் உற்பத்தி பாதாளத்துக்குப் போகும். மடக்குத் தகடு வாங்கி, பத்து மீட்டர் கேபிளோடு வெயிலில் விரியுங்கள். மழை நாளில் அதை நம்ப வேண்டாம். வேன் ஓடும்போதே பேட்டரியை ஏற்றும் டிசி சார்ஜர்தான் அப்போது கைகொடுக்கும்.